தரையறிந்து சக்கரம் தேர்க

கோலார் தங்கவயலின் இராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர், வடஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சுரங்கப் பணிக்காக வந்தவர்கள். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கால்கொண்ட அச்சுரங்கத்தொழில், 2001 பிப்ரவரி 28இல் நின்றது. ஆயினும் சொந்த ஊருக்குச் செல்லும் பயணம் நிற்கவில்லை. பேத்தமங்கலம், வெங்கடகிரிக்கோட்டை வழியாகப் பேரணாம்பட்டுக்கு இறங்கும் பாதையில் மலை வளைவுகள் உண்டு. ஊரை அடைந்தபின் வண்டித்தடமும் சேறும் எதிர்ப்படலாம். இத்தகைய வழிகளுக்கெனச் சிலர் நான்கு சக்கரங்களும் இயங்கும் ஜீப் வகை வண்டிகளை வைத்துள்ளனர். அவ்வண்டியின் டயர் தேய்ந்தால், மாற்று டயரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? தவறாகத் தேர்ந்தெடுத்தால் மலைச்சரிவில் உயிருக்கே இடர் நேரலாம்.

டயர் சொல்லும் செய்தி

ஒவ்வொரு டயரின் பக்கச்சுவரிலும் அதன் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். ‘235/70 ஆர் 16 106 டி’ என்பதை எடுத்துக்கொள்வோம். 235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம். அகலத்தில் 70 விழுக்காடு என்பது பொருள். ‘ஆர்’ என்பது ரேடியல் வகையைக் குறிக்கும். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 106 என்பது சுமைக்குறியீடு. அந்த டயர் 950 கிலோகிராம் வரை தாங்கும். ‘டி’ என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் என்னும் வேக வரம்பு.

இவற்றுடன் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். அது 2319 எனில், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர் என அறியலாம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் நாளடைவில் இறுகி வெடிப்புறும். ஆகவே, விலை மலிவு என்று பழைய இருப்பை வாங்குதல் கூடாது.

பட்டனும் தரையும்

டயரின் மேற்பரப்பிலுள்ள மேடு பள்ளங்களைப் பட்டறைகளில் ‘பட்டன்’ என்பர். நெருக்கமான, ஆழம் குறைந்த பட்டன் கொண்டது எச்.டி. வகை, அது தார்ச்சாலைக்கு உரியது. அகன்ற இடைவெளியும் பெரிய கட்டிகளும் கொண்டது எம்.டி. வகை; அது சேற்றைப் பற்றி, சுழலும்போதே உதறித் தள்ளும். ஆனால் தார்ச்சாலையில் இரைச்சல் மிகும். ஈரச் சாலையில் பிடிப்புக் குறையும். இரண்டுக்கும் இடைப்பட்டது ஏ.டி. வகை. ஆண்டின் பெரும்பகுதி தார்ச்சாலையிலும் சில நாள் மண்பாதையிலும் ஓடும் வண்டிக்கு ஏ.டி. வகையே பொருந்தும். தோற்றத்திற்காக எம்.டி. வாங்குவோர், நாள்தோறும் செல்லும் சாலையில் பாதுகாப்பை இழக்கின்றனர்.

பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது கார், ஜீப் போன்றவற்றுக்கு இந்திய மோட்டார் வாகன விதி.

பெரியது எல்லாம் நல்லதா?

235/70 ஆர் 16 டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 735 மில்லிமீட்டர். அதற்கு மாற்றாக 245/75 ஆர் 16 பூட்டினால் விட்டம் 774 மில்லிமீட்டராகும். வண்டி தரையிலிருந்து 19 மில்லிமீட்டர் உயரும். கற்களைத் தாண்டுவது எளிதாகும். ஆனால் ஒரு சுற்றில் வண்டி கடக்கும் தொலைவும் 5 விழுக்காடு கூடும். வேகமானி 60 எனக் காட்டும்போது உண்மை வேகம் 63 ஆகும். சக்கரத்தைத் திருப்பும்போது டயர் உடற்பகுதியில் உரசவும் கூடும். பிரேக்கின் வேலையும் மிகும். எனவே தயாரிப்பாளர் கையேட்டில் ஒப்பிய அளவுகளுக்குள் தேர்வதே அறிவுடைமை.

ரிம் மாற்றும்போது நட்டுத் துளைகளின் எண்ணிக்கை, அத்துளைகள் அமைந்த வட்டத்தின் அளவு, நடுத்துளையின் அளவு ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். இரும்பு ரிம் அடிபட்டால் பெரும்பாலும் நெளியும்; நெளிவு சிறிதெனில் பட்டறையில் தட்டி நிமிர்த்தலாம். அலாய் ரிம் எடை குறைந்தது. எனினும் பலத்த அடியில் விரிசல் விடக்கூடும்.

நான்கும் ஒன்றே

நான்கு சக்கர இயக்கத்தில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பிணைக்கப்படும். முன்னால் புதிய டயரும் பின்னால் தேய்ந்த டயரும் இருப்பின், அவற்றின் சுற்றளவு வேறுபடும். ஒன்றை ஒன்று இழுத்து, பற்சக்கரங்கள் தேயும். ஆதலால் நான்கும் ஒரே அளவு, ஒரே வகை, ஒத்த தேய்மானம் உடையனவாதல் வேண்டும். ஸ்டெப்னியும் அதே அளவாக இருத்தல் நன்று.

காற்றும் ஒரு கருவி

2,000 கிலோகிராம் எடையுள்ள வண்டியில் ஒரு சக்கரம் தாங்குவது ஏறத்தாழ 500 கிலோகிராம். 32 பி.எஸ்.ஐ. காற்றில் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 220 சதுர சென்டிமீட்டர். அஞ்சலட்டை இரண்டின் பரப்பைவிடச் சிறிதே குறைவு. காற்றைப் பாதியாக்கினால் அப்பரப்பு ஏறத்தாழ இருமடங்காகும். எடை பரவுவதால் டயர் மணலில் புதைவது குறையும். தங்கவயலில் இயங்கும் பி.இ.எம்.எல். நிறுவனத்தின் புல்டோசர்கள் சக்கரமின்றி இரும்புப் பட்டையில் ஊர்வதும் இக்காரணத்தாலேயே. ஆனால் தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்று நிரப்ப வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும்.

செல்லும் தரையை முதலில் அறிந்து, அதன்பின் சக்கரத்தைத் தேர்வதே முறை. ஊரில் காத்திருக்கும் பாட்டியிடம் குடும்பத்தைக் கொண்டு சேர்ப்பவை, தரையைத் தொடும் அந்த நான்கு சிறு பரப்புகளே.

சொற்பொருள்

கால்கொள்ளுதல் – தொடங்குதல்
இடர் – துன்பம்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு
ஒப்பிய – ஏற்றுக்கொண்ட

பயிற்சி

1. ‘4520’ எனப் பொறிக்கப்பட்ட டயர் எந்த ஆண்டில், எந்த வாரத்தில் செய்யப்பட்டது?
2. நான்கு டயர்களும் ஒத்திருக்க வேண்டுவது ஏன்?
3. உங்கள் வீட்டு வண்டியின் டயரைப் பார்த்து, அதிலுள்ள அளவை எழுதி விளக்குக.