ஒட்டுநாடாவிலிருந்து கான்கிரீட்டுக்கு

1991 ஜனவரி 18 அதிகாலை. வளைகுடாப் போரில் ஈராக் அதிபர் சதாம் உசேனின் ஸ்கட் ஏவுகணைகள் இஸ்ரேலின் டெல் அவிவிலும் ஹைஃபாவிலும் விழுந்தன. அபாயச் சங்கு ஊதியதும் மக்கள் நிலவறைக்கு இறங்கவில்லை, வீட்டு அறைக்குள் ஓடினார்கள். ஏவுகணைகளில் விஷவாயு இருக்கலாம், அது தாழ்வான இடத்தில் தங்கும் என்பதால், ஜன்னலில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, கதவிடுக்கில் ஈரத்துணி செருகி, முகமூடியோடு உட்காரச் சொல்லியிருந்தது அரசு. வந்தவையோ சாதாரண வெடிகுண்டுகள். நேரடித் தாக்குதலில் இறந்தவர்கள் மிகச் சிலரே. முகமூடியைச் சரியாக மாட்டத் தெரியாமல் மூச்சுத்திணறியும், மாரடைப்பிலும் இறந்தவர்கள் அதைவிட அதிகம்.

இஸ்ரேல் திருப்பி அடித்தால் சதாமுக்கு எதிரான அணியிலிருந்து அரபு நாடுகள் விலகிவிடும் என்று அமெரிக்கா அஞ்சியது; பேட்ரியட் தடுப்பு ஏவுகணைகளை அனுப்பி, பொறுத்திருக்கச் சொன்னது. பிரதமர் ஷமீர் பொறுத்தார். சாவு குறைவாக இருந்ததுதான் அவருக்கு அந்த அவகாசத்தைத் தந்தது என்பேன். ஒரே இரவில் நூறு பேர் செத்திருந்தால் யார் சொல்லியும் அவர் கேட்டிருக்க முடியாது.

மறு ஆண்டே உள்நாட்டுப் பாதுகாப்புக்கென்று ராணுவத்தில் தனிப் பிரிவு வந்தது. புதிதாகக் கட்டும் வீடுகளில் இரும்புக் கதவோடு கூடிய கான்கிரீட் அறை கட்டாயமானது. 2011இல் ராக்கெட்டுகளை வானிலேயே தடுக்கும் அயர்ன் டோம் வந்தது. 2012 நவம்பரில் காசா எல்லையில் இஸ்ரேலியப் படைகள் குவிக்கப்பட்டும் தரைவழியாக நுழையவில்லை. காசாவிலிருந்து ஊர்களை நோக்கி வந்த ராக்கெட்டுகளில் பெரும்பாலானவை வானிலேயே அழிந்ததால் அரசுக்கு அவசரம் இருக்கவில்லை.

அதே கான்கிரீட் இப்போது வேறு துணிச்சலையும் தருகிறது. 2025 ஜூன் 13இல் ஈரானை முதலில் தாக்கியபோது, பதிலுக்கு நூற்றுக்கணக்கில் ஏவுகணைகள் வரும் என்பது இஸ்ரேலுக்குத் தெரியும். விடியுமுன்பே சங்கு ஊதி மக்களை எழுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு நாளில் இஸ்ரேலில் இறந்தவர்கள் முப்பது பேரளவில். சுவர் இல்லாத நாடு இப்படி ஒரு போரைத் தொடங்கத் தயங்கியிருக்கும்.

அந்தச் சுவர் எல்லாருக்கும் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. அந்தப் போரில், இஸ்ரேலில் அரபு மக்கள் வாழும் தம்ராவில் ஏவுகணை விழுந்து ஒரே குடும்பத்துப் பெண்கள் நால்வர் மாண்டார்கள். அந்த ஊரில் பொதுப் பதுங்கறைகள் இருக்கவில்லை. தெஹ்ரானில் மெட்ரோ நிலையங்களுக்கும் மசூதிகளுக்கும் போகச் சொன்னார்கள். ஆயிரத்துக்கு மேல் இறந்ததாக ஈரான் அறிவித்தது. காசாவை ஆண்ட ஹமாஸ் இயக்கம் பல நூறு கிலோமீட்டர் சுரங்கம் தோண்டியது. அதில் பொதுமக்களுக்கு இடம் ஒதுக்கவில்லை.