மோட்டார் வண்டியின் வெப்பமானி உணர்த்துவது யாது?

மோட்டார் வண்டியின் சாரதிக்கு எதிரேயுள்ள கருவிகளுள் மிகக் குறைவாக நோக்கப்படுவது வெப்பமானியாகும். அதன் முள் பெரும்பாலும் நடுவில் அசையாது நிற்றலே இதற்குக் காரணம். ஆயினும், அம்முள் எதனை அளக்கிறது, எதனை அளக்கவில்லை என்பதை அறியாதார் அதனாற் பெறும் பயன் சிறிதே.

பெற்றோல் எரியுங்கால் உருளையினுள்ளே வாயுவின் வெப்பநிலை 2,000 பாகை செல்சியசுக்கு மேற் செல்லும். எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைக் குளிர்த்துந் திரவமே வெப்பமாக அகற்றுகின்றது. அத்திரவம் எந்திரத்தைச் சுற்றியோடி, றேடியேற்றரிற் காற்றினாற் குளிர்ந்து மீளும். எந்திரம் தக்க சூட்டை அடையும்வரை தேமோஸ்ரற்று எனப்படும் வெப்பநிலைநிறுத்தி றேடியேற்றருக்குச் செல்லும் வழியை மூடிவைத்திருந்து, பொதுவாக 82 முதல் 90 பாகையளவில் திறக்கத் தொடங்கும்.

தூயநீர் கடல்மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும். 1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவிலோ ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்ஙனமாயின், அம்மலைப்பாதையில் ஏறும் வண்டியின் திரவம் 100 பாகையிலுங் கொதியாதிருப்பது எவ்வாறு? நீருடன் எதிலீன் கிளைக்கோல் கலக்கப்படுதல் ஒரு காரணம். றேடியேற்றரின் மூடி உள்ளே அமுக்கத்தைக் காத்தல் மற்றொரு காரணம். சமபங்காகக் கலந்த திரவம், ஒரு வளிமண்டல அளவு மேலதிக அமுக்கத்தின்கீழ், கடல்மட்டத்தில் ஏறத்தாழ 130 பாகையிலேயே கொதிக்கும். ஆதலின், சூடான வேளையில் மூடியைத் திறப்பவர் அவ்வமுக்கத்தையே நீக்கிவிடுகின்றார். திரவம் அக்கணமே கொதித்துப் பீறிட்டு, அவர் முகத்தையுங் கைகளையுஞ் சுட்டுவிடும்.

1912 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் தோன்றிய பொயிசு மோட்டோமீற்றர், றேடியேற்றர் மூடியின் மேலேயே பொருத்தப்பட்டு, நீருக்கு மேலுள்ள ஆவியின் சூட்டைக் காட்டிற்று. இக்கால உணரியோ திரவத்துள் அமிழ்ந்திருப்பது. வெப்பம் ஏற அதன் மின்தடை குறையும். அதற்கேற்ப முள் உயரும். புதிய வண்டிகள் பலவற்றில், சிறு மாற்றங்களைக் கண்டு சாரதி அஞ்சாவண்ணம், பல பாகைகளுக்கு முள் நடுவிலேயே நிற்குமாறு அமைத்துள்ளனர். எனவே, அத்தகைய வண்டியில் முள் நடுவைக் கடந்து சிறிதே உயரினும் அஃது எச்சரிக்கையாகும்.

நெடுந்தூரம் ஓடியும் முள் தாழ்ந்தே நிற்பின், வெப்பநிலைநிறுத்தி திறந்தபடியே சிக்கியிருத்தல் கூடும். உணரியின் மின்கம்பி அறுந்திருத்தலுங் கூடும். வண்டி நெரிசலில் நிற்கையில் முள் ஏறி, ஓடுகையில் இறங்குமாயின், விசிறியை ஆராய்தல் வேண்டும். ஓடும்பொழுதும் ஏறுமாயின், திரவக் குறைவு, நீர்ப்பம்பியின் பழுது, றேடியேற்றரின் அடைப்பு என்பவற்றுள் ஒன்று காரணமாகலாம்.

யாவற்றினுங் கொடியது, உயர்ந்து நின்ற முள் திடீரெனத் தாழ்வதாகும். திரவம் ஒழுகிப்போனபின் உணரி வெறுவெளியில் நிற்க நேர்ந்தால், எந்திரம் அளவுகடந்து கொதிக்கும்பொழுதும் முள் குளிர்ச்சியையே காட்டக்கூடும். அதனை நம்பி மேலுஞ் செலுத்தின், அலுமினிய உருளைத்தலை கோணி, எந்திரமே பாழாகும்.

இத்தகைய வேளையில் வண்டியைப் பாதையோரம் நிறுத்தி, எந்திரத்தை அணைத்து, அது நன்கு ஆறும்வரை காத்திருத்தலே தக்கது. சூடான எந்திரத்திற் குளிர்நீர் ஊற்றின் உலோகம் வெடித்தலுங் கூடும். முள் காட்டுவது ஓரிடத்துத் திரவத்தின் வெப்பநிலையையேயன்றி எந்திரம் முழுவதன் நிலையையன்று என்பதை உணர்ந்த சாரதியே அதனைச் சரியாக வாசிக்க வல்லவராவர்.