ஆயுதமும் அறமும்

போரிலும் அறம் உண்டு என்பது தமிழர் மரபு. படையெடுக்கும் முன்பே பெண்டிரும் பிணியுற்றோரும் பாதுகாப்பான இடத்தை நாடும்படி அறிவித்த வழக்கத்தைப் புறநானூறு காட்டுகிறது. அவ்வாறாயின், அந்நிய ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்துவது அறமாகுமா?

இக்கேள்வி மலாயாத் தமிழர் முன்னும் எழுந்தது. 1943ஆம் ஆண்டு சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். பேராக் உள்ளிட்ட மாநிலங்களின் தோட்டங்களில் பால்மரம் சீவியோர் பலர் அதில் இணைந்தனர். ஜான்சி ராணிப் படையில் பெண்களும் துப்பாக்கி ஏந்தினர். தம் நகைகளைக் கழற்றித் தந்த கோலாலம்பூர் ஜானகி, பின்னர் அப்படையின் துணைத் தளபதியானார்.

ஆயினும், அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் எளிதன்று. படைக்குத் துணைநின்ற ஜப்பானியரே, தோட்டத் தமிழர் பல்லாயிரவரைச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு சென்று வதைத்தனர். விடுதலை வேட்கையால் சேர்ந்தோரோடு, சயாமிலிருந்து தப்பிக்கச் சேர்ந்தோரும் இருந்தனர்.

1945 நவம்பரில் டெல்லிச் செங்கோட்டையில் இப்படையின் அதிகாரிகள் மூவர்மீது விசாரணை தொடங்கியது. பேரரசருக்கு எதிராகப் போர் தொடுத்ததாக அவர்கள்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அடிமைப்பட்ட மக்களுக்கு விடுதலைக்காகப் போரிடும் உரிமை உண்டு என வழக்கறிஞர் பூலாபாய் தேசாய் வாதிட்டார். நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. மக்கள் கொந்தளிப்பால் அது கைவிடப்பட்டது.

நோக்கம் உயர்ந்தது என்பதால் மட்டும் போர் அறமாகிவிடாது. யாரைக் காக்க, யாரோடு கைகோத்து, எந்த வரம்புக்குள் போரிடுகிறோம் என்பதே மானத்தின் உரைகல்லாகும்.