நாலு கிலோ பிளேட்டா, ரெண்டு கிலோ பிளேட்டா?

'புல்லட் ப்ரூஃப்'ங்கறதே ஒரு பொய்யான பேரு மக்களே. எல்லாத் தோட்டாவையும் நிறுத்துற கவசம்னு உலகத்துல ஒண்ணு கிடையாது. இந்தத் தோட்டா, இந்த வேகத்துல, இத்தனை தடவை பட்டா தாங்கும். அவ்வளவுதான் எந்தக் கவசமும் தர்ற வாக்குறுதி. பத்து பேர் சுட்டும் சட்டையைத் தட்டிவிட்டுட்டு எழுந்து வர்றதெல்லாம் நம்ம சினிமா ஹீரோக்களால மட்டும்தான் முடியும் :-)

என்கூட எம்.எஸ். படிக்கிற நண்பர் ஒருத்தர், 2024 கோடை விடுமுறையில ஆம்புலன்ஸ் ஓட்டுற தன்னார்வக் குழுவோட உக்ரைனுக்குக் கிளம்பினார். நான் படிக்கிறது மெட்டீரியல்ஸ். அதனால, "நெஞ்சுக்கும் முதுகுக்கும் எந்த பிளேட் வாங்கலாம்?"னு என்கிட்ட வந்து நின்னார். அவர் கையில இருந்த பட்டியல்ல மூணு வகை இருந்துச்சு.

முதல்ல இரும்பு. விலை கம்மி, சும்மா கீழே போட்டாலும் உடையாது. ஆனா எடை? நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10-க்கு 12 அங்குலம், கால் அங்குலத் தடிமன், எஃகோட அடர்த்தி 7.85. ஒரு பிளேட்டே 3.9 கிலோ கிட்ட வருது. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ஏறக்குறைய எட்டு கிலோ. அதை மாட்டுற ஜாக்கெட், ஹெல்மெட், தண்ணி எல்லாம் தனி. இதைவிடப் பெரிய பிரச்சினை, எஃகில் பட்ட தோட்டா சுக்குநூறாகி நாலா பக்கமும் தெறிக்கும். நெஞ்சு தப்பிச்சா கழுத்துக்கும் தாடைக்கும் ஆபத்து. மேலே ஒரு பூச்சு அடிச்சுத்தான் விக்கறாங்க. அது எத்தனை தோட்டாவுக்குத் தாங்கும்ங்கறது அடுத்த கேள்வி.

ரெண்டாவது பாலிஎத்திலீன். ஆமாங்க, நம்ம பிளாஸ்டிக் பைக்குப் பங்காளிதான். ஆனா இதுல மூலக்கூறுச் சங்கிலிகள் ரொம்ப ரொம்ப நீளம். அந்த இழைகளை அடுக்கடுக்கா வெச்சு அழுத்திப் பண்றாங்க. அடர்த்தி 0.97, தண்ணியில போட்டா மிதக்கும். பிளேட் ஒண்ணு ஒன்றரைக் கிலோ சுற்றுவட்டாரம்தான். போட்டா போட்ட மாதிரியே தெரியாது. சிக்கல் எங்கேன்னா, ஈயம் நிரப்பின 7.62 நேட்டோ தோட்டாவை அழகா நிறுத்துற பல பிளேட்டுகளை, அதைவிடச் சின்ன 5.56 எம்855 தோட்டா துளைச்சிடும். காரணம், அதோட மூக்குல இருக்கிற எஃகு முனை. மெத்தையில பந்து நின்னுடும், ஊசி இறங்கிடும் இல்லையா, அந்தக் கதைதான். சூடும் இதுக்கு ஆகாது. வெயில்ல நிக்கிற கார் டிக்கியில போட்டு வைக்கக் கூடாது.

மூணாவது செராமிக். அலுமினா, சிலிக்கான் கார்பைடு, போரான் கார்பைடு. இந்த வரிசையில எடை குறையும், விலை ஏறும். முன்னாடி இருக்கிற கடினமான பீங்கான், தோட்டாவோட முனையை நொறுக்கும். நொறுங்கினதைப் பின்னாடி இருக்கிற பாலிஎத்திலீன் அடுக்கு பிடிச்சுக்கும். ரெண்டும் சேர்ந்து ரெண்டரைல இருந்து மூணரைக் கிலோ வரைக்கும் வரும். தோட்டா பட்ட இடத்துல பீங்கான் உடைஞ்சு போறதால, மறுபடி அதே இடத்துல பட்டா உத்தரவாதம் இல்லை. கீழே போட்டு வெளியே தெரியாத விரிசல் விழுந்தாலும் ஆபத்து. அமெரிக்க ராணுவம் தன் பிளேட்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கறது இதுக்காகத்தான்.

அடுத்தது ஸ்டிக்கர் படிக்கிற கலை. என்.ஐ.ஜே.ங்கற அமெரிக்க நிறுவனம் 2008-ல போட்ட தரப்படி லெவல் 3, லெவல் 4-னு இருந்துச்சு. 2023 நவம்பர்ல புதுத் தரம் வந்து ஆர்.எஃப்.1, 2, 3 ஆச்சு. நான் மேலே சொன்ன எம்855 பிரச்சினைக்குப் பதில் ஆர்.எஃப்.2-ல இருக்கு. ஆர்.எஃப்.1 பரிசோதனையில அந்தத் தோட்டா கிடையாது. ஆர்.எஃப்.3, கவசம் துளைக்கும் .30-06 தோட்டாவுக்கு. 'லெவல் 3 ப்ளஸ்'னு எழுதியிருந்தா அது கம்பெனிக்காரங்க வெச்ச பேரு, என்.ஐ.ஜே. தரத்துல அப்படி ஒரு வரி இல்லை. இன்னொண்ணு, சில பிளேட்டுகள் பின்னாடி மென்கவசம் இருந்தால்தான் வேலை செய்யும். தனியா மாட்டினா சொன்ன பாதுகாப்பு கிடைக்காது.

பிளேட் நிறுத்திடுச்சுன்னாலும் அடி உண்டு. பரிசோதனையில பிளேட்டுக்குப் பின்னாடி களிமண் வெச்சுச் சுடுவாங்க. 44 மில்லிமீட்டர் வரைக்கும் பள்ளம் விழுந்தா பாஸ். அந்த 44 மில்லிமீட்டர் நம்ம விலா எலும்பு மேல விழுந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க!

அப்ப கனமா வாங்கினா சரியாப் போச்சா? அங்கேதான் விஷயமே. நாள் முழுக்க சீட்டுல உட்கார்ந்து, குனிஞ்சு, ஸ்ட்ரெச்சர் தூக்கற ஆள், எட்டு கிலோவை எத்தனை மணி நேரம் சுமப்பார்? மதியம் ரெண்டு மணிக்குக் கழட்டிப் பின் சீட்டுல போட்டா, மூணு மணிக்கு விழுற ஷெல்லுக்கு அந்த பிளேட் எந்த லெவலா இருந்தா என்ன?

சுகம்தான் முக்கியம்னு எதிர்ப்பக்கம் ஓடறதும் தப்பு. சைலான்னு ஒரு இழை வந்துச்சு. மெலிசு, லேசு, போலீஸ்காரங்க ஆசையா வாங்கிப் போட்டாங்க. 2003-ல பென்சில்வேனியாவில ஒரு அதிகாரியோட சைலான் கவசத்தைத் தோட்டா துளைச்சு அவர் காயப்பட்டார். ஈரமும் சூடும் அந்த இழையை அரிச்சிடுதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. உடம்போட ஒட்டிக்கிட்டே இருக்கிற துணிக்கு ஈரமும் சூடும் இல்லாம இருக்குமா? பயன்படுத்தின 103 கவசங்களை என்.ஐ.ஜே. சுட்டுப் பார்த்ததுல 60 துளைபட்டுச்சு. 2005-ல சைலானுக்குக் கதவை மூடினாங்க.

பிளேட்டோட அளவு விஷயத்துலயும் பெரிசு நல்லதுன்னு கிடையாது. மேல் விளிம்பு தொண்டைக் குழிக்கு நேரா நிக்கணும். இதயம், அதுல இருந்து கிளம்புற பெரிய ரத்தக் குழாய்கள், நுரையீரலோட பெரும் பகுதி மறையணும். வயித்தைக் காப்பாத்தணும்னு கீழே இறக்கி மாட்டினா இதயம் வெளியே வந்துடும். ரொம்ப அகலமா வாங்கினா கையை முன்னாடி கொண்டுவர முடியாது, ஸ்டீரிங்கே பிடிக்க முடியாது. ஒரே பக்கம் மட்டும் வளைஞ்சதைவிட, ரெண்டு பக்கமும் வளைஞ்ச பிளேட் உடம்போட நல்லா ஒட்டும்.

கடைசியா அவருக்கு நான் சொன்னது இதுதான். பீரங்கி நடத்துற போர்ல துப்பாக்கியைவிட ஷெல் சிதறல்தான் அதிகம் பேரைக் காயப்படுத்தும், அது பிளேட் இருக்கிற இடம் பார்த்து வராது. அதனால தோள், விலா, அடிவயிறு வரைக்கும் மூடுற மென்கவசம் முதல்ல. அதுக்குள்ள மிதமான எடையில, எஃகு முனைத் தோட்டாவைத் தாங்குற செராமிக் பிளேட். இரும்பு வேண்டவே வேண்டாம். விமானம் ஏறுறதுக்கு முன்னாடி சட்டத்தையும் பார்த்துக்கணும். அமெரிக்காவிலிருந்து இதை வெளியே எடுத்துட்டுப் போறதுக்கு விதிகள் உண்டு. ஆஸ்திரேலியாவுக்குள்ள கொண்டுபோக அனுமதி வேணும். நியூயார்க்ல 2022-ல இருந்து குறிப்பிட்ட தொழில்காரங்களுக்கு மட்டும்தான் விற்பனை.

வாங்கினதும் ரெண்டு நாள் வீட்டுலேயே போட்டுக்கிட்டு கார் ஓட்டினார், மாடிப்படி ஏறினார், குனிஞ்சு ஷூ கட்டினார். தோள்பட்டை எங்கே அறுக்குதுன்னு பார்த்து வாரை மாத்தினார். கடையில ரெண்டு நிமிஷம் மாட்டிப் பார்த்தா எல்லாக் கவசமும் சுகமாத்தான் இருக்கும். ஆறாவது மணி நேரத்துலயும் கழட்டணும்னு தோணாத கவசம் எதுவோ, அதுதான் அவருக்கான கவசம்.