பில் புரோகிராமை எந்த டூல்கிட்டில் எழுதச் சொல்வது?

விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டுக்கொள்ளலாம் என்று வணிகர்கள் எண்ணுவது நியாயமே. லினக்ஸை விலையில்லாமலே பெறலாம். ஆனால் கல்லாவில் லினக்ஸும் கணக்கரிடம் விண்டோஸும் இருந்தால், பில் புரோகிராம் இரண்டிலும் ஓட வேண்டும். அதைப் புதிதாக எழுதித் தருபவர் "கியூடியா, ஜிடிகேயா?" என்று கேட்டால் நாம் என்ன சொல்வது?

திரையில் தெரியும் பொத்தான், சரக்குப் பட்டியல், விலை எழுதும் கட்டம் ஆகியவற்றை யாரும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்வதில்லை. ஆயத்தமாக உள்ள ஒரு தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அதுவே டூல்கிட். பிற்பாடு அதை மாற்றினால் திரை முழுவதையும் திரும்ப எழுத நேரும். கூலியும் இன்னொரு முறை. ஆகவே அழகைப் பார்க்கும் முன், அது யார் கையில், என்ன நிபந்தனையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கியூடியை உருவாக்கியது நார்வேயின் டிரோல்டெக் நிறுவனம். 1996-ல் தொடங்கிய கேடிஇ திட்டம் அதை நம்பி எழுந்தது. அன்றைய உரிம நிபந்தனையை ஏற்காதவர்கள் 1997-ல் ஜிடிகேயை வைத்து க்னோம் என்ற போட்டித் திட்டத்தையே தொடங்கினார்கள். பின்னர் லினக்ஸுக்கான கியூடி 2000-ல் ஜிபிஎல் உரிமத்திலும், 2009-ல் எல்ஜிபிஎல் உரிமத்திலும் கிடைத்தது. இதற்கிடையே 2008-ல் நோக்கியா வாங்கியது, 2012-ல் டிஜியாவுக்கு விற்றது. இப்போது கியூடி கம்பெனி நடத்துகிறது. சரக்கு நல்ல சரக்குதான், முதலாளிதான் மாறிக்கொண்டே இருந்தார். 2021 முதல் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் திருத்தங்கள் பணம் கட்டுவோருக்கே முதலில் போகின்றன.

பைத்தான் மொழியில் எழுதுவோர் கவனிக்க வேண்டிய ஒன்று: பைகியூடி ஜிபிஎல்லில் அல்லது விலைக்கு, பைசைடு எல்ஜிபிஎல்லிலும் உண்டு. நம் கடைக்குள் நாமே எழுதி வைத்துக்கொண்டால் இது பொருட்டல்ல. எழுதியவர் ஜிபிஎல் புரோகிராமைப் பத்துக் கடைக்கு விற்றால், வாங்குவோருக்கு மூல நிரலையும் தந்தாக வேண்டும். அவருக்கு அது சங்கடம், நமக்கோ லாபம். அவர் தொழிலை விட்டுப் போனாலும் வேறொருவரை வைத்துத் திருத்திக்கொள்ளலாமே!

ஜிடிகேக்கு அப்படி ஒரு முதலாளி கிடையாது. லினக்ஸில் வெகு பொருத்தம். விண்டோஸில் ஓடினாலும் அந்நியமாகத் தெரியும். பதிப்பு மாறும்போது வேலை அதிகம். ஜிடிகே பிறந்ததே கிம்ப் என்ற படத் திருத்தப் புரோகிராமுக்காக. 2011-ல் வந்த ஜிடிகே 3-க்கு அந்தக் கிம்ப்பே 2025-ல்தான் மாறி முடிந்தது. தாய்வீட்டுக்கே 14 ஆண்டு!

எலக்ட்ரானில் விரைவாக எழுதலாம். ஆனால் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு முழு பிரவுசரைச் சுமந்து வரும். பழைய கம்ப்யூட்டர் திணறும்.

கல்லாவில் லினக்ஸ் மட்டும் என்றால் ஜிடிகே போதும். இரண்டும் உள்ள கடைக்கு பைசைடு வழியாகக் கியூடியே நம் தேர்வு. டூல்கிட்டின் பெயர், பதிப்பு, உரிமம், மூல நிரல் யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். முன்பணம் கொடுக்குமுன், மாதிரித் திரையில் 'கொத்துமல்லி', 'வெல்லம்' என்று அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் பணத்தை எடுக்க வேண்டாம்.