பழைய 10 பைசாவுக்கு ஒரு லட்சமா? போனில் வலை விரிக்கிறாங்க... உஷார்!

சென்னை: பாட்டியின் அஞ்சறைப் பெட்டியிலும், சாமி உண்டியலிலும் கிடக்கும் பழைய சில்லறைக்கு திடீர் மவுசு. ‘உங்ககிட்ட பழைய 10 பைசா இருக்கா? ஒரு லட்சம் தர்றோம்’ என்று செல்போனில் விளம்பரம் வருகிறது. நம்பி பேசினால், ‘முதல்ல வரி கட்டுங்க, கமிஷன் அனுப்புங்க’ என்பார்கள். அனுப்பினால் கையில் இருந்த கூலிப்பணமும் அம்போ! அப்படியானால் எந்தக் காசுக்குத்தான் நிஜமாக மதிப்பு?

நாலணா கதை

ஒரு ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு மாறி, 100 நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1-ந்தேதி. 1964-ல் ‘நயா’ கழன்று வெறும் பைசா ஆனது. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. 50 பைசா சட்டப்படி இன்றும் செல்லும். கடைக்காரர்கள்தான் வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

செல்லாக்காசை சேர்த்து வைப்பதில் தப்பில்லை. ஆனால் இவை கோடிக்கணக்கில் அச்சடிக்கப்பட்டவை. பழசு என்பதற்காக மட்டும் யாரும் லட்சம் தரமாட்டார்கள். சேகரிப்பவர்கள் தேடுவது, அச்சடிக்கும்போதே தப்பு நடந்த ‘பிழைக்காசு’களை.

தப்பு எப்படி நடக்கிறது?

மேலும் கீழும் இரண்டு அச்சு, நடுவில் உலோக வில்லை. ஒரே அடி, காசு ரெடி. வில்லை நகர்ந்திருந்தால் சிங்கமும் எண்ணும் ஓரமாக ஒதுங்கி, மறுபக்கம் வெறுமையாக இருக்கும். அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் அதே முகம் குழியாக, இடம் வலம் மாறி விழும். தகட்டில் ஏற்கனவே வெட்டிய ஓட்டை மேல் வில்லை வெட்டப்பட்டால், பிறை போல ஒரு துண்டு குறையும்.

தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது, அரத்தால் ராவியது எல்லாம் பிழைக்காசு அல்ல, வெறும் சேதம்தான். பிறைவெட்டு காசில், வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் மங்கலாக இருந்தால் பெரும்பாலும் அசல். புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீங்க. பளபளப்பு வரும், மதிப்பு போய்விடும்.

எங்கே அடித்தது?

சென்னை தங்கசாலைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த பழைய நாணயச் சாலையால்தான். இப்போது நாணயம் அச்சடிப்பது 4 ஊர்களில். வருடத்துக்குக் கீழே பாருங்க. டைமண்ட் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஐதராபாத், புள்ளி என்றால் நொய்டா. குறியே இல்லையென்றால் கொல்கத்தா.

ஏமாறாதீங்க!

பழைய காசு, நோட்டு விற்பனைக்காக ரிசர்வ் வங்கி கமிஷன் கேட்பதில்லை, தன் சார்பில் கமிஷன் வசூலிக்க யாருக்கும் அனுமதியும் தரவில்லை என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. காசு வாங்குகிறவர்தான் பணம் தரவேண்டும். விற்க வந்தவரிடமே முன்பணம் கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள்.