காதற் புனைகதையும் பாலீர்ப்பின்மையும்: ஆங்கில இரசிகர் புனைகதை பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

இருவர் ஒருவரையொருவர் மனமார நேசிக்கின்றனர். ஆயின் அவர்களுள் ஒருவருக்கு உடலுறவில் நாட்டம் இல்லை. இவர்களின் கதையைக் காதற் கதை எனக் கொள்ளலாமா? கடந்த பல ஆண்டுகளாக ஆங்கில மொழியில் எழுதப்பெறும் இரசிகர் புனைகதைகளில் இவ்வினா திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டு வந்துள்ளது. இலக்கியத் திறனாய்வு நெடுங்காலம் பொருட்படுத்தாதிருந்த ஒரு களத்தில், ஊதியம் எதுவுமின்றி எழுதுவோரிடையே இவ்வினா வலுப்பெற்றமை தற்செயலானதன்று. அதற்கான சமூகக் காரணங்களையும், அவ்வெழுத்துக்கள் கண்ட விடைகளின் பெறுமதியையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். எப்பாலார் மீதும் பாலியல் ஈர்ப்பு எழாத இயல்பையே பாலீர்ப்பின்மை என்கிறோம். இது துறவன்று. துறவி தம்மிடத்து எழும் விழைவை அடக்குகிறார். பாலீர்ப்பற்றவரிடத்து அடக்குவதற்குரிய ஈர்ப்பே எழுவதில்லை. எனினும் அவர்களுட் பலர் காதல் கொள்வர், துணை நாடுவர். வேறு சிலரிடத்துக் காதலுணர்வும் எழுவதில்லை. காதலையும் காமத்தையும் ஒரே உணர்வின் இரு பெயர்களாகக் கொள்ளும் வழக்கத்தினுள் இவ்விரு சாராரும் அடங்கார்.

அறிவியல் இவர்களை நோக்கிய முறையும் கவனத்துக்குரியது. 1948 இல் அல்பிரட் கின்சி ஆண்களின் பாலியல் நடத்தை பற்றிய தமது நூலில் ஏழு படிகள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தார். அதனுள் அடங்காதோரை 'எக்ஸ்' என்ற எழுத்தின் கீழ் ஒதுக்கினார். 2004 இல் கனடிய உளவியலாளர் அந்தனி போகார்ட், பிரித்தானியாவில் 18,000 பேருக்கு மேற்பட்டோரிடம் பெறப்பட்டிருந்த தரவுகளை ஆராய்ந்து, எவர்மீதும் தாம் பாலியல் ஈர்ப்புக் கொண்டதில்லை எனக் கூறியோர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் என எடுத்துக்காட்டினார். இதற்கிடையில், அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980 இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில் பாலியல் விழைவுக் குறைவு ஒரு கோளாறாக இடம்பெற்றிருந்தது. தம்மைப் பாலீர்ப்பற்றவர் என உணர்ந்து கூறுவோரை அவ்வகையுட் சேர்த்தலாகாது என்ற விலக்கு 2013 ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே வந்தது. இவ்விலக்குக் கிடைக்க 33 ஆண்டுகள் சென்றன. அதற்கு வழிவகுத்தோருள், 2001 இல் டேவிட் ஜே தொடக்கிய அமைப்பின் வழியாக ஒன்றுதிரண்ட பாலீர்ப்பற்றோரும் அடங்குவர்.

இனி இரசிகர் புனைகதைக்கு வருவோம். பிறர் படைத்த கதைமாந்தரைக் கொண்டு இரசிகர்கள் தாமே புதிய கதைகளை எழுதித் தம்முட் பகிர்ந்துகொள்வதே இரசிகர் புனைகதை. இதன் நவீன வடிவம், 1966 முதல் 1969 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிய 'ஸ்டார் ட்ரெக்' தொடருடன் வேர்கொண்டது. அத்தொடரின் இரசிகர்கள் 1967 முதலே கைப்பிரதிச் சஞ்சிகைகளை வெளியிட்டனர். கப்பற் தலைவன் கேர்க்கையும் அவனது தோழன் ஸ்பொக்கையும் காதலராகச் சித்திரிக்கும் கதைகள் 1974 முதல் அச்சேறலாயின. எழுதியோரும் வாசித்தோரும் பெரும்பாலும் பெண்களே. இவ்வெழுத்து விற்பனைக்குரிய பண்டமன்று, கொடையாகவே கைமாறியது. 2007 இல் இரசிகர்கள் இலாப நோக்கற்ற அமைப்பொன்றை நிறுவி, 2009 இல் 'ஆர்க்கைவ் ஒஃப் அவர் ஓன்' எனும் கதைக் காப்பகத்தைத் திறந்தமைக்கும், தம் உழைப்பின் பயனை வணிக நிறுவனங்கள் கவர்ந்துகொள்ளக்கூடும் என்ற அச்சமே உந்துதலாயிற்று. அக்காப்பகம் 2019 இல் ஹியூகோ விருது பெற்றது.

எனினும், உற்பத்திமுறை பண்ட உறவுகளிலிருந்து விடுபட்டுவிட்டால் கருத்துநிலையும் உடனே விடுபட்டுவிடும் எனக் கொள்வது தவறு. காதற் கதை என்ற வடிவமே ஒரு வரலாற்றைச் சுமந்து வருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலிற் காதல் திருமணத்திற் சென்று முடியும். ஒருதார மணத்துக்கும் தனிச்சொத்துரிமைக்கும் இடையேயுள்ள தொடர்பை ஏங்கெல்ஸ் 1884 இல் விளக்கியமையை நாம் அறிவோம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருமணத்தின் பிடி தளர்ந்தபோது, உடற்சேர்க்கை அவ்விடத்தைப் பிடித்தது. காதல் மெய்யானது என்பதற்கு அதுவே இறுதிச் சான்றாயிற்று. சேர்ந்தனர் என்றாற் கதை நிறைவுறும். சேராவிடின் ஏதோ குறை எஞ்சும்.

இம்மாற்றத்தின் அடித்தளத்தை விளங்கிக்கொள்ள, ஸ்பானிய உள்நாட்டுப் போரில் 1937 இல் உயிர்நீத்த மார்க்சியத் திறனாய்வாளர் கிறிஸ்தோபர் கோட்வெல் துணைபுரிகிறார். முதலாளித்துவம் உற்பத்தி உறவுகளிலிருந்து பரிவையும் அன்பையும் அகற்றிவிட்டது. அங்கு மனிதருக்கிடையிலான உறவு காசுறவாகிவிட்டது என்பது காதல் பற்றிய அவரது கட்டுரையின் சாரம். அவ்வாறு வெளியேற்றப்பட்ட அன்பு முழுவதும் தஞ்சமடைவதற்கு எஞ்சிய இடம் காதலர் இருவரின் தனியறையே எனலாம். அவ்வறைமீது இத்துணைப் பாரம் ஏற்றப்பட்டிருப்பதனாலேயே, அங்கு எதிர்பார்க்கப்படுவது நிகழாதபோது அது காதலின் தோல்வியாக, ஏன், மனித இயல்பின் தோல்வியாகவே கருதப்படுகின்றது.

பாலீர்ப்பற்ற காதலர் இவ்விறுதிச் சான்றையே கேள்விக்குள்ளாக்குகிறார். இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஷெர்லொக் ஹோம்ஸ். கொனன் டொயில் 1891 இல் வெளியிட்ட ஒரு கதையின் தொடக்கத்திலேயே, காதலையொத்த உணர்ச்சிகள் ஹோம்ஸின் மனப்பாங்குக்கு ஒவ்வாதவை என டொக்டர் வொட்சன் கூறிவிடுகிறார். 2010 முதல் 2017 வரை பிபிசி 'ஷெர்லொக்' என்ற தொடரை ஒளிபரப்பியபோது, ஹோம்ஸைப் பாலீர்ப்பற்றவராகக் கண்டு எழுதப்பட்ட இரசிகர் கதைகள் பல்கின. ஆனால் அத்தொடரை ஆக்கியோருள் ஒருவரான ஸ்டீவன் மொஃபற், 2012 இல் ஒரு செவ்வியின்போது அக்கருத்தை மறுத்தார். ஹோம்ஸ் விலகியிருப்பவரேயன்றிப் பாலீர்ப்பற்றவரல்லர், அவ்வாறாயின் கதையில் இறுக்கமும் சுவையும் இரா என்பதே அவரது வாதம். விழைவை அடக்கும் போராட்டமே நாடகமாகும் என்பது இதன் உட்பொருள். அவர் கூற்றுக்கு மறுப்பு, இரசிகர்கள் எழுதிய கதைகளிலேயே உள்ளது. விழைவு இல்லாதவிடத்தும் அச்சம், நம்பிக்கை, சொல்லத் தயங்குதல், கேட்டறிதல் என நாடகத்துக்கு வேண்டிய யாவும் உள்ளன என்பதை அக்கதைகள் காட்டின.

எனினும் இக்கதைகள் யாவும் ஒரு தரத்தன அல்ல. அவற்றின் கதைப்போக்கை மூவகைப்படுத்தலாம். முதலாவது, குணப்படுத்தும் கதை. உரிய துணை வாய்த்ததும் பாலீர்ப்பின்மை நீங்கிவிடுகின்றது. இது மருத்துவ நூலின் பழைய தீர்ப்பைக் காதலின் மொழியில் மீள உரைப்பதாகும். இரண்டாவது, விட்டுக்கொடுக்கும் கதை. பாலீர்ப்பற்றவர் காதலரை இழந்துவிடுவோமோ என அஞ்சி உறவுக்கு இசைகிறார். அல்லது காதலர் பெருந்தன்மையோடு 'பரவாயில்லை' என்கிறார். மூன்றாவது, உரையாடற் கதை. இருவரும் தத்தம் தேவைகளை வெளிப்படையாகப் பேசி, எது வேண்டும், எது வேண்டாம் என ஒருங்கே முடிவுசெய்கின்றனர். அருகே உறங்குதலும், நோயிற் பேணுதலும், சேர்ந்து சமைத்தலும் இவற்றிற் காதலின் முழுமையான வெளிப்பாடுகளாகின்றன. எதற்கும் ஈடாக வந்தவை அல்ல.

இவற்றுள் இரண்டாம் வகையையே நாம் கூர்ந்து நோக்கவேண்டும். ஏனெனில் ஏற்றுக்கொள்ளல் என்ற பெயரில் பெரிதும் பாராட்டப்படுவது அதுவே. அக்கதைகளில் ஏற்றுக்கொள்பவர் ஒருவர்; ஏற்கப்படுபவர் மற்றொருவர். முன்னவர் கொடையாளி, பின்னவர் கடனாளி. 'என்னை இப்படியே ஏற்றாயே' என்ற கண்ணீருடன் கதை முடிகையில், கடன் தீர்க்கப்படாமலே நிற்கின்றது. உடலுறவு காதலில் ஒருவருக்கு மற்றவர் செலுத்தவேண்டிய கடமை என்ற எண்ணம் அங்குத் தகர்க்கப்படவில்லை. ஒரு நல்லவரின் கருணையினாற் பிற்போடப்படுகின்றது. கருணை மீளப்பெறக்கூடியது; உரிமை அத்தகையதன்று. பாலீர்ப்பற்றவரது இசைவின்மைக்குக் காரணம் காட்டவேண்டிய தேவையே இல்லாத கதையிற்றான் ஏற்றுக்கொள்ளல் மெய்யாக நிகழ்கின்றது. அவ்வுண்மை ஈர்ப்புடையோருக்கும் பொருந்தும். கடமையாகிவிட்ட உடலுறவின் சுமையை வரலாற்றில் அதிகம் சுமந்தோர் பெண்கள் என்பதை நினைவிற்கொண்டால், இதிற் பணயம் வைக்கப்பட்டிருப்பது நூற்றில் ஒருவரின் நலன் மட்டுமன்று என்பது புலனாகும்.

முற்போக்குச் சிந்தனையாளர் சிலர் இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பக்கூடும். பசியும் சுரண்டலும் மலிந்த உலகில் இது நடுத்தர வர்க்கத்தின் தன்னாய்வு அன்றோ? இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. அடையாளங்களைப் பகுத்துப் பகுத்துப் பெயரிடும் போக்கு, கூட்டுச் செயற்பாட்டுக்குப் பதிலாகிவிடும் அபாயம் உண்டு. ஆயினும் 1972 இல் நியூயோர்க் தீவிரப் பெண்ணியக் குழுவைச் சார்ந்த இருவர், லிசா ஒர்லாண்டோவின் பெயரிற் பாலீர்ப்பின்மை பற்றிய ஓர் அறிக்கையை வெளியிட்டபோது, உடலுறவை எல்லா நெருக்கத்துக்கும் அளவுகோலாக்கும் சமூகத்தையே அவர்கள் விசாரித்தனர். தனிமனித இயல்பு பற்றிய வினா சமூக உறவுகள் பற்றிய வினாவாக விரிய முடியும் என்பதற்கு அது சான்று.

பண்பாட்டுக் கைத்தொழிலின் போக்கையும் இதனோடு ஒப்பிடலாம். 1941 முதல் 'ஆர்ச்சி' சித்திரக் கதைகளில் உலவிவரும் ஜக்ஹெட், 2016 இல் வெளியான இதழொன்றிற் பாலீர்ப்பற்றவனாக வெளிப்படையாகவே காட்டப்பட்டான். அடுத்த ஆண்டு தொடங்கிய 'ரிவர்டேல்' தொலைக்காட்சித் தொடரோ அவனுக்கு வழமையான காதலொன்றைக் கொடுத்து அவ்வியல்பைக் கைவிட்டது. பெருந்திரளான நுகர்வோரை நாடும் பண்டம், பழகிய வாய்பாட்டையே பாதுகாப்பானதாகக் கருதுகின்றது. விற்கவேண்டிய தேவையற்ற இரசிகர் கதைக்கு அவ்வச்சம் இல்லை.

ஆயினும் இரசிகர் கதைக்கும் ஓர் எல்லை உண்டு. அது இணையர் இருவரை மையமாகக் கொண்டே தன் கதைகளைக் கட்டுகின்றது. காமத்தைக் காதலினின்று பிரித்துக் காட்டிய பின்னரும், இணை சேராத வாழ்வு நிறைவற்றது என்ற எண்ணத்தை அது எளிதில் விடுவதில்லை. காதலுணர்வும் அற்றோர் இவ்வெல்லைக்கு அப்பாலேயே நிற்கின்றனர். அலிஸ் ஒஸ்மன் 2020 இல் வெளியிட்ட 'லவ்லெஸ்' எனும் நாவல் இவ்விடத்திற் பொருள் பொதிந்தது. அதன் நாயகி ஜோர்ஜியா, இரசிகர் புனைகதைகளை விரும்பி வாசித்து, காதல் தன்னையும் வந்தடையும் எனக் காத்திருந்தவள். தனக்குக் காதலீர்ப்போ பாலீர்ப்போ இல்லை எனப் பல்கலைக்கழகத்தில் உணர்கிறாள். காதலுக்கென்றே கதைகள் ஒதுக்கிவைத்த பெருஞ்செயல்களை அவள் நட்பின் பொருட்டுச் செய்கிறாள்.

கோட்வெல்லின் கருத்தை ஏற்பின், அன்பு தனியறைக்குள் ஒடுங்கியமை ஒரு சமூக அமைப்பின் விளைவு. அவ்வமைப்பு மாறுகையில் அன்பு நட்பிலும் தோழமையிலும் கூட்டுழைப்பிலும் மீளப் பரவும். பாலீர்ப்பற்ற காதலரை மனமொப்பி எழுதிய பெயரறியா எழுத்தாளர்கள் இக்கோட்பாட்டைப் பயின்றே எழுதினர் எனக் கூறுவதற்கில்லை. ஆயினும், அன்புக்கு ஒரே சான்றுதான் உண்டு என்ற நம்பிக்கையை அவர்கள் அசைத்திருக்கின்றனர். அந்நம்பிக்கை தளர்ந்தபின் எவ்வகை உறவுகள் சாத்தியமாகும் என்பதை ஆராய்வது திறனாய்வாளரின் பணியாகும்.